ரிலீஸ் கடிதம் கிடைக்காத பிள்ளை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் கடைசிவரை வாசியுங்கள். பிள்ளையை உதைபந்தாட்டத்துக்கு அனுப்புகிற வாப்பாமார், உம்மாமார் நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள்.

போன வாரம் கட்டாரிலிருந்து எங்களுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் பழைய மாணவன். லுசைல் பக்கம் ஏதோ ஒரு சின்ன மைதானம், ஏழு பேர் விளையாடும் சுற்றுப்போட்டி. கையில் ஒரு கிண்ணம், முதுகில் 10ஆம் இலக்கம். கூடவே ஒரு வொய்ஸ்: "சேர், வெள்ளிக்கிழமை மட்டும்தான் மெச். மத்த ஆறு நாளும் ஸ்டோர்ஸ்ல வேல. ஆனா இன்னும் வேகம் குறையல்ல சேர்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் அதைப் போட்டுக் கேட்டோம். அவனுக்குப் பதினோராம் ஆண்டில் கணிதம் படிப்பித்தவர், மைதானத்தில் விசில் ஊதியவர், போட்டிக்கு பஸ் பிடித்துக் கூட்டிப்போனவர் எல்லோரும் இருந்தோம். ஒருவருக்கும் பேச்சு வரவில்லை.

அவன் வெளிநாடு போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஹலாலாக உழைக்கிறான், ராத்தாவுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். அவன் போக நேர்ந்த விதம்தான் எங்களை உறுத்துகிறது. அதைத்தான் எழுதுகிறோம். அவன் பெயரையும், அவனை எடுத்த கழகத்தின் பெயரையும் எழுதமாட்டோம். கொமென்டில் வந்து "அது இந்தக் கழகம்தானே" என்று கேட்கவும் வேண்டாம். ஒரு கழகத்தைத் திட்டுவதற்கு எழுதும் பதிவு அல்ல இது.

2021ஆம் ஆண்டை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். இலங்கையில் முதன்முதலாகத் தொழில்முறை உதைபந்தாட்ட லீக் வருகிறது என்று பெரிய பேச்சு. சூப்பர் லீக். பத்துக் கழகங்கள். புளூ ஸ்டார், கொழும்பு எப்.சி., ரினோன், ரட்னம், ரெட் ஸ்டார்ஸ், நியூ யங்ஸ், அப் கன்ட்ரி லயன்ஸ், இவற்றோடு முப்படைகளின் கழகங்கள் புதுப் பெயர்களோடு: இராணுவம் டிபென்டர்ஸ் ஆனது, விமானப்படை புளூ ஈகிள்ஸ் ஆனது, கடற்படை சீ ஹோக்ஸ் ஆனது. நம் பிள்ளைகள் யூடியூபில் உட்கார்ந்து அணிகளை மனப்பாடம் செய்தார்கள். கழகங்கள் வீரர்களைத் தேடி ஓடின. யார் எங்கே போகிறார், யாரை யார் இழுத்துக்கொண்டார் என்று ஐரோப்பாவில் நடப்பதுபோல ஒரு பரபரப்பு. அந்த வேளையில்தான் எங்கள் பிள்ளைக்கும் கொழும்பிலிருந்து கோல் வந்தது. பத்தொன்பது வயது. உயர்தரம் எழுதிவிட்டு பெறுபேற்றுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

கையொப்பமிட்ட தாளை அவன் எங்களிடம் காட்டவில்லை. ஏனென்றால் அவனிடமே அது இருக்கவில்லை. "ஒஃபிஸ்ல வெச்சிருக்காங்க சேர்" என்றான். ஆங்கிலத்தில் நாலைந்து பக்கம் இருந்ததாம். கடைசிப் பக்கத்தில் கையொப்பம் வைத்தானாம். நாங்கள் அன்று அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் பிழை அங்கே ஆரம்பிக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

லீக் 2021 ஏப்ரலில் தொடங்கியது. சில வாரங்களிலேயே கொரோனாவின் மூன்றாவது அலை. போட்டிகள் நின்றன. பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் பிள்ளை பஸ்ஸும் லொறியுமாக மாறி மாறித் திருமலை வந்து சேர்ந்தான். பிறகு மறுபடியும் கூப்பிட்டார்கள், பீ.சீ.ஆர். எடுத்தார்கள், பார்வையாளர் இல்லாத மைதானத்தில் விளையாட விட்டார்கள். அவனுக்குக் கிடைத்தது இரண்டு மெச், அதுவும் இரண்டாம் பாதியில் கொஞ்ச நேரம். சொன்ன மாதச் சம்பளம் முதல் இரண்டு மாதம் வந்தது. அதற்குப் பிறகு "லீக் நிக்குதே, எப்படிக் குடுக்கிறது" என்றார்கள்.

கழகத்தின் பக்கமும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும். டிக்கெட் வருமானம் இல்லை. அனுசரணையாளர் காசு போட்டிகள் நடந்தால்தான் வரும். ஹொஸ்டல் வாடகை, சாப்பாடு, பயிற்சியாளர் சம்பளம் லீக் நின்றாலும் நிற்காது. கொரோனாவை எந்தக் கழகமும் கொண்டுவரவில்லை. ஆனால் நட்டம் வந்தபோது அதை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. அணியில் ஆகக் குறைந்த வயது, ஆகக் குறைந்த சம்பளம், ஆகத் தூரமான ஊர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவன், அவன் தலையில்தான்.

அந்த லீக்கை வென்ற புளூ ஸ்டார் 2022 ஏப்ரலில் ஏ.எப்.சி. கிண்ணத்துக்குப் போனது. நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை 2-1 என்று வென்றது. நம் கழகம் ஒன்று வெளியூரில் போய் ஜெயித்த சந்தோஷம். அடுத்து ஏப்ரல் 12ஆம் திகதி கல்கத்தா சோல்ட் லேக்கில் மோகன் பகானிடம் 5-0. தேதியைக் கவனியுங்கள். அதே ஏப்ரல் 12இல்தான் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நம் அரசாங்கம் அறிவித்தது. ஐந்து கோல் வாங்கியது அந்தப் பதினொரு பேர் மட்டுமல்ல என்று அன்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னார்.

அந்த வருடம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு, பெற்றோல் வரிசை, ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்ற நிலை. பாடசாலைக்கே பிள்ளைகள் வர முடியவில்லை, சூப்பர் லீக்கின் இரண்டாம் பருவம் எங்கே வரும்? 2022இல் அது வரவேயில்லை. அதற்குப் பதிலாகப் பழைய சம்பியன்ஸ் லீக் திரும்பி வருகிறது என்றார்கள். எங்கள் பிள்ளைக்கு இன்னொரு கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரிய கழகம் இல்லை, ஆனால் விளையாட விடுவோம் என்றார்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்.

அங்கேதான் அந்தச் சொல்லை முதல் தடவை கேட்டோம். ரிலீஸ்.

உதைபந்தாட்டம் தெரியாதவர்களுக்காக: ஒரு வீரன் ஒரு கழகத்தில் பதிவானால், அந்தக் கழகம் விடுவித்தால்தான் இன்னொரு கழகத்தில் பதிவாகலாம். மாற்றக் காலம் என்று சில வாரங்கள் திறக்கும். அதற்குள் தாள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை கதவு திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். பழைய கழகம் அவனுக்குச் சம்பளமும் கொடுக்கவில்லை, விளையாடவும் கூப்பிடவில்லை. ஆனால் ரிலீஸ் கடிதம் மட்டும் தரவில்லை. "செயலாளர் ஊரில் இல்லை", "கமிட்டி கூடவில்லை", "அடுத்த சீசனுக்கு நீ எங்களுக்கு வேணும்". கடைசியாக ஒருவர் சொன்னாராம், புதுக் கழகம் கொஞ்சம் காசு தந்தால் யோசிக்கலாம் என்று. புதுக் கழகத்திடம் ஏது காசு? அவர்கள் வேறு பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். கதவு மூடியது.

எங்களில் ஒருவர் பீபாவின் வீரர் மாற்ற விதிமுறைகளை இறக்கி இரவிரவாக வாசித்தார். கணித ஆசிரியர், வாசிப்பது அவருக்குப் பழக்கம். அதில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், உங்கள் பிள்ளைக்கு உதவும்.

எழுத்து ஒப்பந்தம் இருந்து, விளையாடுவதற்கு ஏற்படும் செலவைவிடக் கூடுதலாகக் காசு கொடுக்கப்படுபவர்தான் தொழில்முறை வீரர். மற்ற எல்லோரும் அமெச்சூர்தான். நடுவில் மூன்றாவது வகை கிடையாது. இரண்டு மாதச் சம்பளத்தைக் கழகம் கொடுக்காமல் விட்டால், வீரர் எழுத்தில் அறிவித்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். பருவத்தின் உத்தியோகபூர்வப் போட்டிகளில் பத்து வீதத்துக்கும் குறைவாக விளையாட விடப்பட்ட, ஏற்கெனவே நிலைபெற்ற வீரருக்கும் ஒரு வழி இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுத முடியாது. கொரோனா வந்தவுடன், 2020 ஏப்ரலிலேயே, பருவம் உண்மையில் முடியும்வரை ஒப்பந்தங்களை நீட்டுங்கள், சம்பளத்தைப் பேசித் தீருங்கள் என்று பீபா எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் வழிகாட்டல் அனுப்பியிருந்தது.

நாட்டுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு அந்தந்த நாட்டுச் சங்கம்தான் விதி எழுத வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளை எந்த வகை? சம்பளம் கேட்டால் "நீ அமெச்சூர்தானே", போகிறேன் என்றால் "நீ கையொப்பம் வெச்ச ப்ரொபெஷனல்". இரண்டு பக்கமும் கூரான கத்தி. கையில் ஒப்பந்தப் பிரதி இருந்திருந்தால் ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். ஒரு தாள்கூட இல்லாமல் யாருக்கு, எதைக் காட்டி எழுதுவது?

பிறகு 2023 ஜனவரி 21. மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி பீபா இலங்கையைத் தடை செய்தது. சம்மேளனத் தேர்தல் பிரச்சினை. யார் சரி, யார் பிழை என்று நாங்கள் இங்கே வழக்குப் பேச வரவில்லை. ஓகஸ்ட் கடைசிவரை தடை இருந்தது. ஏழு மாதம். தேசிய அணிக்கும் கழகங்களுக்கும் சர்வதேசப் போட்டி இல்லை, பீபா, ஏ.எப்.சி.யின் அபிவிருத்தித் திட்டம், பயிற்சி நெறி எதுவும் இல்லை. அந்த வருடம் பெங்களூரில் நடந்த சாப் கிண்ணத்தில் நம் நாடு இல்லை. அந்தப் போட்டிகளை நம் பிள்ளைகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு மாதத்துக்குள்தான் எங்கள் பிள்ளையின் வாப்பா ஒரு நாள் பாடசாலைக்கு வந்தார். மீன் ஏற்றும் லொறியில் வேலை செய்பவர். வெயிலில் நின்று, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "சேர், இவன இன்னும் எத்தின வருஷம் பந்துக்குப் பின்னால ஓட உடுறது? விசா ஒண்டு வந்திருக்கு" என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. "அனுப்புங்க காக்கா" என்றுதான் சொன்னோம்.

கட்டுநாயக்கவுக்கு ரிலீஸ் கடிதம் தேவையில்லை.

சிலர் சொல்வார்கள், இது எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்று. உண்மைதான், அக்கரையிலும் நடந்தது. இந்தியாவின் ஐ.எஸ்.எல். 2025 ஜூலையில் ஒப்பந்தப் பிரச்சினையால் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓகஸ்டில் சென்னையின் எப்.சி. தன் செயற்பாடுகளையும் சம்பளத்தையும் இடைநிறுத்தியது. டோனியும் அபிஷேக் பச்சனும் பங்காளிகளாக இருக்கும் கழகத்துக்கே அந்த நிலை. வழமையாக செப்டெம்பரில் தொடங்கும் லீக் 2026 பெப்ரவரி 14 அன்றுதான் தொடங்கியது, அதுவும் சுருக்கப்பட்ட வடிவில். ஆனால் அங்கே வீரர்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள், வீரர் சங்கம் பேசியது, விடயம் உச்ச நீதிமன்றம்வரை இருந்தது, பத்திரிகைகள் தினமும் எழுதின. எங்கள் பிள்ளைக்காகப் பேச யார் இருந்தார்கள்? அவனுடைய உம்மா துஆ செய்தார். அவ்வளவுதான்.

இன்னொரு விடயம் எங்களுக்கு எப்போதும் முள்ளாகக் குத்துவது. மேலே எழுதிய பத்துக் கழகங்களைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். வடக்கிலிருந்து ஒன்று இல்லை. கிழக்கிலிருந்து ஒன்று இல்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் தெருவுக்கு ஒரு கழகம் வைத்திருக்கும் சனங்களுக்கு, நாட்டின் முதலாவது தொழில்முறை லீக்கில் ஒரு கதிரைகூட இல்லை. கடற்படையின் கிழக்குத் தலைமையகம் இருப்பது நம் டொக்யார்டில். உட்துறைமுக வீதியில் நின்றால் கப்பல் தெரியும். ஆனால் சீ ஹோக்ஸ் விளையாடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பு ரேஸ்கோர்ஸுக்குத்தான் கண்ணைத் திருப்ப வேண்டும். மக்கெய்சரில் ஒரு மெச்சாவது வைத்திருந்தால், இந்தத் துறைமுகத்துப் பிள்ளைகள் மதிலில் ஏறி நின்றாவது பார்த்திருப்பார்கள். ஊரில் லீக் நடந்தால் பிள்ளை இரவில் வீட்டில் தூங்குவான், உம்மா சோறு போடுவார், சம்பளம் தாமதித்தாலும் பட்டினி கிடக்க மாட்டான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்கும். தூரம்தான் பாதி அநியாயத்தைச் செய்கிறது.

படையணிகளில் சேர்ந்து விளையாடும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் குறைவாகப் பேசுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாங்கள் அப்படிப் பேசமாட்டோம். இந்த நாட்டில் உதைபந்தாட்டம் விளையாடி மாதம் முடியச் சம்பளமும், கடைசியில் ஓய்வூதியமும் உறுதியாகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான் என்றால், பிள்ளை அங்கே போவதில் என்ன பிழை? லீக் நின்ற மாதங்களிலும் அவர்களுக்குச் சம்பளம் வந்தது. மற்றக் கழகங்கள் அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்.

"பந்தை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள் சேர், எதற்கு இந்த வம்பு" என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் சண்டை பிடிப்பதில்லை. ஆனால் இது எப்படிப்பட்ட ஊர் என்று யோசியுங்கள். சுனாமியில் கிண்ணியா வைத்தியசாலையே போனது. 2006இல் மூதூர் சனம் பிள்ளை குட்டியோடு கந்தளாய்க்கு நடந்தது. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் படகு கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகளை மையித்தாகத் தூக்கினோம். 2025 நவம்பரில் டித்வா வந்து மாவிலாறு அணைக்கட்டை உடைத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வற்றியதும் முதலில் மைதானத்துக்கு வந்தது யார்? பிள்ளைகள்தான், பந்தோடு. பாடசாலை திறக்கும் முன்னமே. சேற்றுக்குள் நின்று நாங்களும் விசில் ஊதியிருக்கிறோம். இங்கே போட்டி அட்டவணை குழம்புவது புதினமில்லை. அந்தக் குழப்பத்தை வைத்து ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தைப் பூட்டி வைப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

2024 செப்டெம்பர் 10 இரவு ஞாபகம் இருக்கிறதா? ப்னோம் பென்னில் கம்போடியாவை பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்கு நம் அணி போனது. போன் அடித்து ஒருவருக்கு ஒருவர் சொன்னோம். ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த நம் நாட்டு வம்சாவளிப் பிள்ளைகள் பலர் அந்த அணியில். அவர்கள் வந்தது நல்லது, இன்னும் வரட்டும். ஆனால் அவர்கள் வளர்ந்த இடத்தில் லீக் என்பது மழை, வெயில் பார்க்காமல் வாராவாரம் நடப்பது. பத்து வயதிலிருந்து இருபது வயதுவரை ஒரு கிழமை தவறாமல் போட்டி விளையாடிய கால் அது. நம் பிள்ளையின் கால் அவனுடைய ஆக நல்ல மூன்று வருடத்தில் இரண்டு அரை மெச் விளையாடியது. அவனுக்குத் திறமை போதாது என்று இனி யாரும் சொல்லிவிடலாம். அளந்து பார்க்க ஒரு சந்தர்ப்பம் கொடுத்தீர்களா என்று நாங்கள் கேட்போம்.

சம்மேளனத்திடம் நாங்கள் கேட்பது பெரிய காசு செலவாகும் விடயம் இல்லை. கழகத்துக்கும் வீரருக்கும் இடையிலான ஒப்பந்தம் பதிவாகும்போது, வீரருக்குத் தெரிந்த மொழியில் ஒரு பிரதி அவர் கையில் கிடைத்தது என்று அவரே கையொப்பமிட்ட தாள் இல்லாவிட்டால் பதிவு செய்யாதீர்கள். லீக் நின்று மூன்று மாதம் போனால், சம்பளமும் வரவில்லையென்றால், ரிலீஸ் தானாகக் கிடைக்கட்டும்; செயலாளர் ஊரில் இருக்கிறாரா என்று பிள்ளை தேடித் திரியக் கூடாது. மேல் லீக் நின்றாலும் மாவட்ட லீக் நிற்காதபடி, ரமழானையும் சாதாரணதர, உயர்தரப் பரீட்சையையும் மாரி மழையையும் முன்கூட்டியே கணக்கெடுத்து ஒரு அட்டவணை போடுங்கள். நம் மாவட்ட லீக்கில் இருப்பவர்களுக்கும் இது சேரும். நீங்கள் நம் ஆட்கள் என்பதால் உங்களை விட்டுவிட மாட்டோம். போட்டித் திகதியை வாட்ஸ்அப்பில் முதல் நாள் இரவு மாற்றும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் ஒன்று தொடங்குகிறோம். எங்களில் ஒருவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஒருவருக்குச் சிங்களம். சட்டம் படிக்கும் பழைய மாணவி ஒருவரும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் இருப்போம். தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம். கழகம் தந்த தாள் எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்கிறோம். இன்னும் கையொப்பம் வைக்காத தாள் என்றால் மிக நல்லது. பேனையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.